உறைக்குள் உறை

வாக்கு எண்ணிக்கை அன்று காலை எட்டு மணி தாண்டியதுமே டிவியில் ‘தபால் வாக்குகளில் முன்னிலை’ என்று ஓட ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் எங்கள் மேஜையில் முதல் கட்டைக்கூடப் பிரித்து முடித்திருக்க மாட்டோம். எதை வைத்து அப்படிப் போடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத ரகசியம்.

தபால் ஓட்டு எண்ணுவதில் எண்ணுகிற வேலை கொஞ்சம்தான். மீதியெல்லாம் காகிதம் சரிபார்ப்பது. 13சி என்பது வெளி உறை. அதற்குள் 13ஏ உறுதிமொழிப் படிவமும், ஒட்டிய 13பி உள்ளுறையும் இருக்க வேண்டும். படிவத்தில் வாக்காளர் கையெழுத்து, அதிகாரியின் சான்றொப்பம், வாக்குச்சீட்டின் வரிசை எண் மூன்றும் வேண்டும். அந்த எண்ணும் உள்ளுறை மேலிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று இடித்தாலும் உள்ளுறையைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவோம். இப்படிப் போகும் ஓட்டுகள் பெரும்பாலும் தேர்தல் பணிக்குப் போன அரசு ஊழியர்களுடையவை என்பதுதான் வேடிக்கை. விடைத்தாளில் பதிவெண் எழுத மறந்த பையனை நிற்கவைத்துத் திட்டுகிற வாத்தியார், 13ஏ-யில் கையெழுத்தே போடாமல் ஒட்டி அனுப்பியிருப்பார்.

அரசு ஊழியர் ஓட்டு என்றால் திமுகவுக்குத்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அதனால் மேஜைக்கு எதிரே ஒரு ஏஜென்ட், “சின்னத் தப்புதானே சார், விடுங்க” என்பார். பக்கத்திலிருப்பவர் சான்றொப்ப முத்திரையை எட்டி எட்டிப் பார்ப்பார். 80 வயது கடந்தவர்களுக்கும் தபால் வாக்கு என்று வந்ததும் காட்சி மாறியது. அதை எதிர்த்து 2021 தேர்தலுக்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது திமுகதான், வழக்கு தள்ளுபடியானது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2020-இல் தபால் ஓட்டே மோசடி என்றார் ட்ரம்ப். 2024-இல் அவர் கட்சியே தன் ஆதரவாளர்களைத் தபாலில் ஓட்டுப் போடச் சொன்னது. எந்த உறையில் தன் ஓட்டு இருப்பதாக ஒரு கட்சி நினைக்கிறதோ, அந்த உறை மட்டும் அதற்குப் பத்திரமானது.

என் அனுபவத்தில், கள்ள ஓட்டு என்று கூச்சல் வந்த உறைகளைவிட, நல்ல ஓட்டாக இருந்தும் வீணாய்ப் போன உறைகளே அதிகம். ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியின் பெயர் எங்கள் பயிற்சி வகுப்புகளில் அடிபடாமல் இருக்காது. 2016-இல் அங்கே வித்தியாசம் 49 ஓட்டு. சான்றொப்பமிட்ட நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகள் 203. உயர் நீதிமன்றம் 2019-இல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. வெற்றி வித்தியாசத்தைவிட ஒதுக்கிய தபால் வாக்குகள் அதிகமாக இருந்தால், தேர்தல் நடத்தும் அதிகாரி (ஆர்.ஓ.) அவற்றை மறுபடி பார்த்தாக வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021-இல் முதியவர்களின் வீடுகளுக்குப் போன குழுவில் இருந்தேன். கூட ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோகிராபர். ஒரு வீட்டில் கட்டில் மேலேயே மறைப்பட்டையை வைத்து, பாட்டி கையில் சீட்டைக் கொடுத்தோம். பேரன் தலைமாட்டுக்கு வந்து, “ஆத்தா, மேலேயிருந்து ரெண்டாவது” என்றான். அவனை வெளியே அனுப்பினோம். “நான் பார்த்துப் போட்டுக்குவேன், போடா” என்று பாட்டியும் சேர்ந்து விரட்டியது. கண் தெரியாதவர், கை நடுங்குபவர் என்றால் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. அந்தத் துணை யார் பேச்சைக் கேட்டுக் குறியிடுகிறார் என்பதை எந்த உறையாலும் சோதிக்க முடியாது. யாராவது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டுமென்றால் அந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

எந்தத் தெருவுக்கு எப்போது போகிறோம் என்று கட்சிகளுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தோம். எங்களோடு ஒரு ஏஜென்ட்டும் வரவில்லை. எண்ணிக்கை அன்று அந்த உறைகள் மேஜைக்கு வந்ததும், “இதெல்லாம் யாரு எழுதினதோ!” என்று சத்தம் போட்டார் ஒருவர். அன்றைக்குக் கூட வந்திருந்தால் தெரிந்திருக்குமே என்றேன்.

“அந்த வெயில்ல யாரு சார் தெருத்தெருவா அலையுறது?” என்றார்.