எண்ணிக்கைக்கு ஒரு ஜீப்

"எங்களை எண்ணுறதுக்கு மட்டும் ஜீப் அனுப்புறீங்களே கிளார்க்கு சார்" என்று, கிராம சபை முடிந்ததும், பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கேட்டார். "வராட்டி உங்க ஊர் பேரே தீர்மானத்துல ஏறாதும்மா" என்றேன் ஊராட்சி செயலரான நான். அவ்வளவுதான் பேச்சு. மைக்செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலைவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் டீ கிளாஸை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நான் சொன்னது மிரட்டலா, யோசனையா? யோசனை என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் குரல் கொஞ்சம் தடித்துத்தான் கேட்கிறது.

கோரம், அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு பற்றி, மற்ற ஊராட்சி செயலர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கிராம சபை செல்லுபடியாக, மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். எங்களுடையது நூறு பேர் கணக்கு. கீழே வத்தலக்குண்டு பக்கம் நூறு பேர் என்பது ஒரு தெரு. தாண்டிக்குடி, பாச்சலூர் பக்கம் வந்து பாருங்கள், ஒரு குக்கிராமத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு பள்ளமே இருக்கும். 2022இல் இருந்து ஆண்டுக்கு ஆறு கூட்டம். அதில் நவம்பர் 1, ஜனவரி 26 இரண்டும் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வருகின்றன. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டெங்கு ஒழிப்பு உறுதிமொழி எடுக்க யார் வருவார்கள்?

பளியர் குடியிருப்பு ஆட்கள் வருவார்கள். காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் இறங்கி, எஸ்டேட் ரோடு முடிகிற இடத்தில் நிற்பார்கள். அங்கேதான் ஜீப் போகும். அதற்கு மேல் பாதைதான், ரோடு கிடையாது. உடம்பு முடியாதவர்களைக் கம்பில் போர்வையைக் கட்டி அந்தப் பாதையில்தான் தூக்கி வருகிறார்கள். ஜீப் வாடகையைத் தலைவர் கைக்காசு போட்டுக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தலைப்பில் அதை எழுதுவது? கிராம சபைச் செலவுக்கு வருகிற பணம் டீ, மைக்செட்டோடு தீர்ந்துவிடும்.

வருகைப் பதிவேட்டில் எண்பதைத் தாண்டியதும் அவர்கள் பெயர்கள் ஆரம்பிக்கும். அந்தம்மாவுக்கு ஒரு பழக்கம். கையெழுத்துப் போடும் முன் வரிசை எண்ணை விரலால் தொட்டு, "இன்னைக்கு எத்தனாவது?" என்பார். "தொண்ணூத்தி ஏழும்மா" என்றால் தலையை ஆட்டிவிட்டு, இனிஷியலுக்குப் பிறகு புள்ளியை மறக்காமல் வைத்துப் பெயரை எழுதுவார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

கூட்டப் பொருள்கள் மேலிருந்து அச்சடித்து வரும். பிளாஸ்டிக், ஜல் ஜீவன், நூறு நாள் வேலை, மழைநீர் சேகரிப்பு என்று வரிசையாகப் படித்து முடித்து, எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கும்போது 'இதர பொருள்கள்' வரும். அந்தக் குடியிருப்புக்கு வண்டிப் பாதை வேண்டும் என்பது அதில்தான் வரும். ஒவ்வொரு முறையும் வரும், ஒவ்வொரு முறையும் நான் எழுதுவேன். எழுதாமல் விட்டதே கிடையாது.

செய்ய மனமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 15ஆவது நிதிக்குழு (2021-26) மானியத்தில் 60 சதவீதம் டைடு, அதாவது இன்ன செலவுக்குத்தான் என்று கட்டிப்போட்ட பணமாக இருந்தது. குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க முடிந்தது. அதில் அவர்களுக்குக் கழிப்பறை கட்டலாம், தொட்டி வைக்கலாம். பாதை போட முடியாது. மிச்சம் 40 சதவீதத்தில் போடலாம்தான். ஆனால் அதைக் கேட்டு மற்ற குக்கிராமங்கள் எல்லாம் வரிசையில் நின்றன. சரி, பணம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இடம் காடு. 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவித்த பிறகு, அங்கே ஒரு கல்லைப் புரட்டக்கூட யோசிக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை என்று 13 வகை வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் வன நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். பார்த்தீர்களா, அங்கேயும் தீர்மானம்தான். நான் அந்தம்மாவிடம் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? தீர்மானம் இல்லாவிட்டால் பாதை இல்லை, கோரம் இல்லாவிட்டால் தீர்மானம் இல்லை.

எங்கள் ஓவர்சியரிடம் ஒருநாள் இதைச் சொன்னபோது, "உள்ளதைத்தானே சொன்னீங்க, விடுங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அதே கோரம் எனக்கும் வேண்டியிருந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டால் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசில் நின்று பதில் சொல்வது நான். உண்மையும் என் சௌகரியமும் ஒரே வாக்கியத்தில் வந்து விழுந்துவிட்டதில் அது உண்மை இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அப்படியானால் ஏன் உறுத்துகிறது என்றால், அதற்கும் பதில் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் 3(2) மனுவுக்காகக் குடியிருப்பிலேயே கூட்டம் போட்டோம். அந்தச் சட்டத்தின்படி அங்கே இருக்கிற வயது வந்தவர்களில் பாதிப் பேர் வந்தால் போதும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். பலா மரத்தடியில் உட்கார்ந்தோம். பாதிப் பேர் என்ன, கைக்குழந்தைகள் உட்பட மொத்த ஊரும் வந்திருந்தது. நான் பதிவேட்டை நீட்டியபோது அந்தம்மா வழக்கம்போல விரலை வைத்தார். நாலாவது எண்.

"இங்க நாங்க மட்டும் போதுமா?"

"போதும்மா."

"அப்ப இத்தனை வருசமா அங்க எதுக்கு வந்தோம்?"

அது ஊராட்சிச் சட்டத்துக் கிராம சபை, இது வன உரிமைச் சட்டத்துக் கிராம சபை, இரண்டும் வேறு என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டு, பதிவேட்டை அடுத்தவரிடம் தள்ளினார். இதை முன்னாலேயே இங்கே வந்து போட்டிருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எஸ்டிமேட் இல்லாமல் வெறும் தீர்மானத்தை வைத்து என்ன செய்வது என்று சொல்லியிருப்பேன். அதுவும் உண்மைதான்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதற்குப் பிறகு கணக்கு இடித்தது. மூன்று கிலோமீட்டருக்கு மூன்று மீட்டர் அகலம் என்றால் 9,000 சதுர மீட்டர், ஒரு ஹெக்டேருக்குள் அடங்கிவிடும். ஓவர்சியர் முதலில் மூணே முக்கால் மீட்டர் போட்டிருந்தார். அது 11,250 வருகிறது, ஆகாது என்று மூன்றாகக் குறைத்தோம். ஆனால் மூன்று கிலோமீட்டர் என்பது ஆள் நடக்கிற தூரம். ஆள் மேட்டில் நேராக ஏறிவிடுவான், வண்டி ஏற வளைவு வேண்டும். ஜிபிஎஸ் வைத்து அளந்தபோது 3.4 கிலோமீட்டர் வந்தது. மூன்று மீட்டர் அகலத்துக்கு 10,200. இருநூறு சதுர மீட்டர் கூடுதல். அகலத்தை 2.9 ஆக்கினால் 9,860, தப்பிக்கும். ஆக்கினோம்.

அதற்குள் 2025 ஜனவரியில் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர்தான் எல்லாம். அவருக்கு எங்களைப் போல இன்னும் பல ஊராட்சிகள், பாவம். 2.9 மீட்டரில் எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை என்று மேலிருந்து கோப்பில் குறிப்பு வந்திருக்கிறது. அந்த ஊரில் யாரிடமும் வண்டி கிடையாது என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.