மவுத் ஆர்கன் நோட்டு சரியா வரலையா? ரீட் கேப்பைப் பாருங்க

புதுசா மவுத் ஆர்கன் வாங்குனவங்க நெறைய பேர் சொல்றது, ரெண்டாவது ஓட்டையில உறிஞ்சுனா நோட்டே வரல, பீஸ் டிஃபெக்ட் போலன்னு. முக்காவாசி டிஃபெக்ட்லாம் இல்லங்க, பாதி மூச்சுப் பழக்கம், மீதி ரீட் கேப்.

பத்து ஓட்டை டயடானிக்ல (ஒரே ஸ்கேலுக்குன்னு வர்ற சாதாரண மவுத் ஆர்கன்) மொத்தம் 20 ரீடு, அதாவது காத்து பட்டா அதிர்ந்து சத்தம் குடுக்கற மெல்லிசான உலோக நாக்கு. ஒரு முனைய பிளேட்டோட சேத்து ரிவெட் அடிச்சிருப்பாங்க, இன்னொரு முனை பிளேட்டுல ஒட்டாம லேசா தூக்கி நிக்கும், அந்த சந்துதான் கேப். அது ஜாஸ்தியா இருந்தா காத்து வீணா போகும், தம் கட்டி ஊதணும். ரொம்ப கம்மியா இருந்தா கொஞ்சம் வேகமா ஊதுனாலே ரீடு அடைச்சுக்கிட்டு பேசாது. கம்பெனிக்காரங்க எல்லாருக்கும் பொதுவா வச்சுத்தான் அனுப்புவாங்க, உங்க மூச்சுக்கு ஏத்த மாதிரி நீங்கதான் செட் பண்ணிக்கணும், இத பண்ணாம அடுத்த பீஸ் வாங்க ஓடாதீங்க ப்ளீஸ்.

ஹோனர் ஸ்பெஷல் 20 மாதிரி ஸ்க்ரூ வச்ச மாடல்னா கழட்டறது ஈசி. கீழ் கவர எடுத்தா தெரியறது உறிஞ்சற ரீடு, ஊதற ரீடு மேல் பிளேட்டுக்கு உள்பக்கம் இருக்கும். பல் குத்துற குச்சியால கேப்ப குறைக்க ரீட ஸ்லாட்டுக்குள்ள (ரீடுக்கு நேரா பிளேட்டுல இருக்கற நீள ஓட்டை) மெதுவா அழுத்தி விடுங்க, வெளிச்சத்துல பாருங்க, வாசிச்சுப் பாருங்க, திரும்ப கொஞ்சம். முனைகிட்ட கேப் கிட்டத்தட்ட ரீடோட கனம் இருந்தா ஆரம்பத்துக்குப் போதும், லோ நோட்டுக்கு கொஞ்சம் கூட, ஹை நோட்டுக்கு கம்மி. பெண்டிங், அதாவது வாய் வாகால நோட்ட கீழ எறக்கறது, வரலன்னா உறிஞ்சற ரீட மட்டும் நோண்டாதீங்க, பெண்ட் பண்றப்ப அதே ஓட்டையோட ஊதற ரீடும் சேந்துதான் வேலை செய்யுது, ரெண்டையும் பாக்கணும்.

ரீடுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவுல எச்சில், தூசு சிக்குனாலும் நோட்டு கரகரங்கும். மெல்லிசான 0.05 மிமீ ஃபீலர் கேஜ், அதாங்க பைக் மெக்கானிக் டேப்பட் செட் பண்ண வச்சிருப்பாரே, அத உள்ள விட்டு லேசா இழுத்தா வந்துரும். பிரஷ் போட்டா ரிவெட்லேர்ந்து முனைப் பக்கமாத்தான், குறுக்க தேச்சா ரீடு நகந்துரும். கோம்புன்னா ரெண்டு பிளேட்டுக்கும் நடுவுல ஓட்டையெல்லாம் இருக்கற சட்டம்; பிளாஸ்டிக் கோம்ப வெதுவெதுப்பான தண்ணியில கழுவலாம், 1896லேர்ந்து வர்ற ஹோனரோட மரைன் பேண்ட் மாடல் மாதிரி மரக் கோம்பு இருந்தா தண்ணி பக்கமே கொண்டு போகாதீங்க, ஊறி உப்பிடும்.

சுருதி லேசா எறங்கியிருந்தா ரீடு முனையில துளி சுரண்டுனா ஏறும், ரிவெட் பக்கம் சுரண்டுனா எறங்கும். ஆனா நல்லா இருந்த நோட்டு திடீர்னு ஒரேடியா எறங்கிடுச்சுன்னா அது ரிவெட் கிட்ட விரிசல், சுரண்டி பிரயோஜனம் இல்ல, ரீட் பிளேட்ட மாத்திடுங்க.