பாரிஸ் நாட்குறிப்பு: வீனஸும் ஒரு புதைகுழியும்

நவம்பர் 7, செவ்வாய்

காலையில் ஓர்சே அருங்காட்சியகம் திறந்ததும் நேராக ஓவியர் கபனேல் காதல் தெய்வத்தை வரைந்த ‘வீனஸின் பிறப்பு’ முன்னால் போய் நின்றேன். பாரிஸின் அரசு ஓவியக் கண்காட்சியான சலோனில், 1863இல், பேரரசர் மூன்றாம் நெப்போலியனே வாங்கிய படம். கடலலை மேல் மெத்தையில் கிடப்பதுபோலக் கிடக்கிறாள். கிட்டப் போய்ப் பார்த்தாலும் தூரிகை ஓடிய தடம் தெரியவில்லை. தோலில் ஒரு மடிப்பு, ஒரு தழும்பு கிடையாது. ஆனால் நெற்றியில் கிடக்கும் கைக்குக் கீழே கண் முழுசாக மூடவில்லை. அந்தக் கண் மட்டும் ஏதோ ஒரு நிஜப் பெண்ணுடையது என்று பட்டது.

நவம்பர் 8, புதன்

லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஓவியர் ஆங்க்ரின் ‘பெரிய ஓடலிஸ்க்’, 1814. ஓடலிஸ்க் என்றால் அந்தப்புரப் பெண். அவள் முதுகு நீண்டுகொண்டே போகிறது. முதுகெலும்பில் மூன்று கண்ணி கூடுதல் என்று அன்றே குறை சொன்னார்கள். அவருக்குத் தெரியாதா என்ன? கோடு அழகாக வளைய வேண்டும் என்பதற்காக எலும்பை நீட்டியிருக்கிறார்.

அந்தக் கால ஓவியப் பள்ளிகளில் பயிற்சியே அப்படித்தான் இருந்தது. முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைய வேண்டும், அப்புறம் பழைய சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகள், அதில் கை தேறிய பிறகுதான் உயிருள்ள ஆள். அதற்குள் கண்ணில் சிலை குடியேறிவிடும். எதிரே நிற்பவரின் தொந்தியைக் கை தானாகவே திருத்திவிடும். நானும் பிளாஸ்டர் தலைகளில் ஆரம்பித்தவள்தான். அந்தப் பழக்கம் இன்னும் விரலில் இருக்கிறது.

நவம்பர் 9, வியாழன்

மறுபடி ஓர்சே. இன்று இரவு வரை திறந்திருந்தது. ஓவியர் குர்பேயின் ‘ஓர்னானில் ஓர் அடக்கம்’ முன்னால் இரண்டு மணி நேரம். மூன்று மீட்டருக்கு மேல் உயரம், ஆறரை மீட்டருக்கு மேல் அகலம். அவ்வளவு பெரிய துணி தெய்வங்களுக்கும் வீரர்களுக்கும் உரியது என்றிருந்த காலத்தில், தன் ஊர்க்காரர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஆளுயரத்துக்கு நிறுத்திவிட்டார். 1850–51 சலோனில் பலருக்குப் பொறுக்கவில்லை. அசிங்கம் என்றார்கள்.

எனக்கு அந்த முகங்களை விட்டு நகர மனம் வரவில்லை. சிவப்பு அங்கிக்காரர்களின் மூக்கும் சிவந்திருக்கிறது. பெண்கள் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்திருக்கிறார்கள். நாய் வேறெங்கோ பார்க்கிறது. இறந்தது யார் என்று படம் சொல்வதில்லை. குழி சட்டத்தின் அடிவிளிம்பில் வெட்டுப்பட்டு நம் காலடிக்கே வந்துவிடுகிறது. என்னையறியாமல் ஓரடி பின்வாங்கினேன்.

நவம்பர் 10, வெள்ளி

பென்சிலோடு போனேன். ஒரு முட்டி போட்டிருக்கும் குழிவெட்டியை மட்டும் வரைந்தேன். முதல் தாளில் தோள் அகன்று, கழுத்து நிமிர்ந்து, சிலையாகிவிட்டான். கிழித்துவிட்டு இரண்டாவது தாளை எடுத்தேன்.