பிரசவத்தோடு முடியாத சிகிச்சை: கர்ப்பிணிகளும் மீட்பு இல்லமும்

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே குடி, போதைப்பொருள் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டுச் சிகிச்சையில் சேர வரும் பெண்கள் பலர். பிள்ளைப் பாசத்தில் செய்வதுதான். ஆனால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம். அதை மருத்துவமனையில் படுத்துத்தான் கடக்க வேண்டும். தூக்க மாத்திரையைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளை (அபின் வகைப் போதைப்பொருட்களை) விட்டவர்களில் பெரும்பாலோர் மீண்டும் தொட்டுவிடுகிறார்கள். இடைவெளியில் உடலின் தாங்குதிறன் குறைந்திருப்பதால் பழைய அளவே உயிரைப் பறிக்கும். ஆகவே எது, எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் முடிவெடுப்பது அதை வைத்துத்தான்.

ஓபியாய்டுப் பழக்கத்துக்கு மெத்தடோன் அல்லது புப்ரினார்ஃபின் என்ற மாற்று மருந்தைத் தொடர்ந்து தரும் சிகிச்சையையே உலக சுகாதார நிறுவனத்தின் 2014 வழிகாட்டுதல் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கிறது. நாக்கடியில் வைக்கும் புப்ரினார்ஃபினில் முதல் மாத்திரைதான் கண்டம். ஹெராயின் எடுத்து 12 மணி நேரமாவது கடந்து, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு எல்லாம் தெரிந்த பிறகே வைக்க வேண்டும். முந்தினால் வித்ட்ராயல் (போதைப்பொருள் நின்றதும் உடல் படும் அவதி) மொத்தமும் ஒரே மூச்சில் வந்து அடிக்கும். "எனக்கு இது ஒத்துக்கவில்லை" என்று பலர் கிளம்பிப் போவது அந்த நாளில்தான்.

மெத்தடோனில் சிக்கல் கடைசி மூன்று மாதங்களில் வரும். உடல் மருந்தை வேகமாகச் செலவழிப்பதால் காலையில் குடித்தது மாலைக்குள் தீர்ந்து வியர்வையும் நடுக்கமும் எடுக்கும். டோஸைக் கூட்டவோ இரண்டு வேளையாகப் பிரிக்கவோ வேண்டியிருக்கும். குழந்தைக்குக் கெடுதல் என்று பயந்து தாய்மார்கள் வாயைத் திறப்பதில்லை. தாயின் டோஸ் கூடினால் குழந்தையின் வித்ட்ராயலும் அந்த அளவுக்குக் கூடும் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

பிரசவ அறைக்கு ஒரு சீட்டு அவசியம்: தற்போதைய மருந்து, டோஸ், பென்டசோசின், பியூட்டார்பனால், நால்புஃபின் ஊசிகள் வேண்டாம் என்ற குறிப்பு. வலிக்குப் போடப்படும் அவை மெத்தடோனோ புப்ரினார்ஃபினோ எடுப்பவர்களுக்கு உடனடி வித்ட்ராயலை உண்டாக்கும். தினசரி டோஸ் பிரசவ வலியைத் தணிக்காது. வலி மருந்து தனியாகத் தர வேண்டும், தினசரி டோஸையும் தவறவிடக் கூடாது.

குழந்தையிடம் வித்ட்ராயல் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் மூன்று நாளில் தெரியும், சில சமயம் தாமதமாகும். கீச்சென்ற அழுகை, நடுக்கம், அடுக்குத் தும்மல், பால் குடிக்கத் திணறல். அதனால் 4 முதல் 7 நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள். அப்போது தாயையும் சேயையும் பிரிக்காமல் இருப்பதே பாதி வைத்தியம்: இருண்ட, அமைதியான அறை, தோலோடு தோல் அணைப்பு, தாய்ப்பால். தாய் சிகிச்சையில் நிலையாக இருந்து, வேறு மருத்துவத் தடை இல்லையென்றால் மெத்தடோனும் புப்ரினார்ஃபினும் பாலூட்டத் தடையல்ல.

இனி மீட்பு இல்லம், அதாவது போதையிலிருந்து மீள்வோர் தங்கும் இடம். சேரும் முன் கேட்க வேண்டியவை நிறைய. மெத்தடோன், புப்ரினார்ஃபின் எடுப்பவரைச் சேர்ப்பார்களா? சில இல்லங்கள் மருந்தை நிறுத்தச் சொல்லும், அங்கே போகாதீர்கள். மூத்த பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டா? சிறுநீர்ச் சோதனையில் சந்தேகம் வந்தால் உறுதிப்படுத்தும் சோதனை செய்வார்களா? கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்குத் தரும் லேபட்டலால் மாத்திரையே ஆம்ஃபெட்டமைன் என்று தவறாகக் காட்டக்கூடும். ஒருமுறை சறுக்கினால் வெளியேற்றமா, கூடுதல் சிகிச்சையா? கைக்குழந்தையோடு ஒரு பெண்ணை இரவில் தெருவில் விடும் விதியை எங்களால் ஏற்க முடியாது.

எல்லாவற்றிலும் முக்கியம், பிரசவத்துக்குப் பிறகு எத்தனை மாதம் இடம் என்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓபியாய்டுப் பழக்கம் உள்ள தாய்மார்களைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வில், போதைப்பொருள் அளவுமீறிய (ஓவர்டோஸ்) நிகழ்வுகள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் மிகக் குறைவு. பிரசவத்துக்குப் பின் 7 முதல் 12 மாதத்தில்தான் மிக அதிகம். மருத்துவமனை வருகைகள் குறைந்து, தூக்கம் கெட்டு, மனச்சோர்வு கவனிக்கப்படாமல் போகும் காலம் அது. ஆறாம் வாரத்தில் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் இல்லம் அந்தக் காலத்தில் கைவிட்டுவிடுகிறது. ஓராண்டாவது தங்கலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். அறையில் குழந்தைக்குத் தனித் தொட்டில், மருந்துக்குப் பூட்டுப் பெட்டி, கைக்கெட்டும் இடத்தில் நலாக்சோன் (ஓபியாய்டு அளவுமீறினால் உயிர் காக்கும் முறிமருந்து), அதைப் பயன்படுத்தத் தெரிந்த இன்னொருவர்: இவை முதல் இரவே இருக்க வேண்டும்.