பெருமடு வரைபட நாட்குறிப்பு

டிசம்பர் 19
மழை விடவே இல்லை. மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில் என் கதை உலகத்தின் வரைபடத்தை மறுபடி விரித்தேன். ஐந்து நன்னீர் ஏரிகள், அதில் பெரியது பெருமடு. எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று பார்த்தால், வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி 82,100 சதுர கிலோமீட்டர், நம் இலங்கை முழுவதும் 65,610தான்! வாவிக்கரையில் வளர்ந்த எனக்கு எதிர்க்கரை தெரியாத நன்னீரைக் கற்பனை செய்யவே கஷ்டம். பெருமடுக்காரர்கள் அதைக் கடல் என்றுதான் சொல்வார்கள், சொல்லிக்கொண்டே குடத்தில் மொண்டு குடிப்பார்கள்.

டிசம்பர் 22
உன்னிச்சைப் பக்கம் வயல் செய்கிற மாமா வந்திருந்தார். பெருமடுவிலிருந்து வெளியே போகிற மூன்று ஆறுகளிலும் விரலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன மனே, ஒரு குளத்துக்கு மூணு வானா? தண்ணி பதிஞ்ச பக்கத்தாலதானே போகும்" என்றார். வான் என்றால் குளம் நிறையும்போது தண்ணீர் வழிந்தோடும் வாய். மாமா சொன்னது சரிதான். நாம் கட்டிய குளத்துக்கு எத்தனை வான் வேண்டுமானாலும் வைக்கலாம், இயற்கை ஏரி தன் விளிம்பில் ஆகத் தாழ்ந்த இடத்தால்தான் வழியும், வழிய வழிய அந்த இடம் அரித்து இன்னும் பதியும், மறுகா மற்ற வாய்கள் தானாக வற்றிப்போகும். ரஷ்யாவின் பைக்கால் ஏரிக்கு 300க்கு மேல் ஆறுகள் வருகின்றன, வெளியே போவது அங்காரா ஒன்றுதான். இரண்டு ஆறுகளை அழித்தேன். அதில் ஒன்றின் கரையில் மூன்று நாள் இருந்து வரைந்த துறைமுகம் நின்றது, மனசு கேட்கவில்லை. வற்றிய ஆற்றுமணலில் படகுத்துறை மட்டும் மிஞ்சிய ஊராக அதை விட்டுவிட்டேன்.

டிசம்பர் 23
ஐந்து ஏரிகளில் ஒன்றான நெடுங்குடாவுக்கு வெளிவாய் ஒன்றுமே வைக்கவில்லை என்று இன்றுதான் கண்டேன். அப்படியென்றால் அது நன்னீரே இல்லை. ஆறுகள் கரைத்துக் கொண்டுவரும் உப்பு அங்கேயே தங்கும், வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுத்துப்போகும். காஸ்பியன் கடல் என்கிற ஏரியும் அப்படித்தான். உப்பாகவே இருக்கட்டும், இனி நன்னீர் ஏரி நான்கு.

டிசம்பர் 27
இன்றைக்கு ஆழம். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி பரப்பில் பைக்காலைப் போல இரண்டு மடங்கு, ஆனால் பைக்காலில் இருக்கிற தண்ணீர் அதைவிட எட்டு மடங்குக்கு மேல். பைக்காலின் கீழே நிலமே பிளந்து விலகிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் 1,642 மீட்டர் ஆழம். விக்டோரியா ஏறக்குறைய 80 மீட்டர், அகலமான தட்டு மாதிரி. என் இன்னொரு ஏரியான கருமடுவை மலைகளுக்கு நடுவே ஒடுக்கி நீட்டிவிட்டேன், அங்கே அடிக்கடி நிலம் நடுங்கும். பெருமடு பனிப்பாறைகள் சுரண்டிப்போன பள்ளம்.

டிசம்பர் 30
மழை வெளித்தது. பின்னேரம் பாலமீன்மடு முகத்துவாரத்துக்குப் போனேன். மண்நிறத் தண்ணீர் கடலுக்குள் நாக்கு மாதிரி நீண்டு போக, ஓரத்தில் நுரை கோடு போட்டிருந்தது. நம் வாவி கடலோடு ஒரே மட்டத்தில் கிடப்பதால்தான் வாய் திறந்திருக்கும்போது உப்பு உள்ளே ஏறுகிறது. சுப்பீரியரோ கடல்மட்டத்துக்கு 183 மீட்டர் மேலே, அதிலிருந்து ஏரி ஏரியாக இறங்கும் தண்ணீர் சேரும் கடைசி ஏரியான ஒன்டாரியோகூட 74 மீட்டர் உயரத்தில், இடையில் நயாகரா விழுகிறது. என் நான்கு ஏரிகளும் படிப்படியாக இறங்கவேண்டும். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு அருவி போட்டேன். அங்கே வள்ளம் போகாது, தோளில் தூக்கித்தான் இறக்கவேண்டும். அந்த வேலைக்கென்றே குடியேறியவர்களின் ஊருக்குத் தோணிசுமந்தான் என்று பெயர் எழுதினேன்.