இலையில் பாதி

விநாயகர் சதுர்த்தியன்று சாப்பிட்டு முடித்துவிட்டு அப்பா கேட்டார்: "இந்த வருஷம் கொழுக்கட்டை பண்ணலையா?"

இலையில் மூன்று கொழுக்கட்டை இருந்தது. நுனிப் பக்கம், கூட்டுக்கு அருகில், வைத்தது வைத்தபடி. சோற்றிலும் வலப்பக்கம் மட்டும்தான் கை பட்டிருந்தது. இடப்பக்கச் சோறு கத்தியால் வெட்டிவிட்ட மாதிரி நின்றது. அம்மா ஒன்றும் பேசாமல் இலையை அரை வட்டம் திருப்பினாள். நாற்பது வருஷமாக, யாராவது நுனியை வலப்பக்கம் வைத்துப் போட்டால் கடிந்துகொள்கிறவள். "அட, இருக்கே" என்று அப்பா மூன்றையும் தின்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அன்றைக்கு நாலாவது நாள். மூளையின் வலது பாதியில் ரத்தக்குழாய் அடைப்பு. விடியற்காலை எழுந்தபோதே இடது கை விழுந்திருந்தது. தூக்கத்தில் மரத்துப்போச்சு என்று அவர் சொல்ல, நாங்களும் நம்பி, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது தாண்டியிருந்தது. வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ தைலத்தைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள்.

கை கால் உடனே வராது, பிசியோதெரபி செய்யுங்கள் என்றார்கள். அதற்குத் தயாராகத்தான் வந்தோம். ஆனால் முகத்தில் வலது பாதிக்கு மட்டும் சவரம் செய்துகொள்கிறவரை, இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பி ஆளைத் தேடுகிறவரை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. கண்ணில் கோளாறா என்று கண் டாக்டரிடமும் போய் வந்தோம். பார்வை இருந்தது.

அதைவிடப் பயமுறுத்தியது அந்தக் கை. ஒருநாள் ராத்திரி, "யாரு கைம்மா இது, எடுத்து அந்தப் பக்கம் போடு" என்றார். அவருடைய இடது கையைத்தான். உங்க கைதாம்பா என்றால், "என் கை நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் களைச்சுப் போயிருக்கு" என்று சமாதானம் வேறு. கை தட்டச் சொன்னால் வலது கை மட்டும் காற்றில் ஆடும். "தட்டினேனே" என்பார். அத்தை செய்வினை என்றாள். அம்மா அழுதாள்.

மூன்றாவது வாரம், அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சின்னப் பெண்தான். ஒரு கோடு போட்டு நடுவில் புள்ளி வைக்கச் சொன்னார். அப்பா வலது ஓரத்துக்கு நெருக்கி வைத்தார். கடிகாரம் வரையச் சொன்னால் 1 முதல் 12 வரை எல்லா எண்ணும் வலது பாதியிலேயே அடைந்து கிடந்தது. பிறகு, "சார் என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்.

அப்பா தபால்காரர். கும்பகோணத்தில் முப்பத்திரண்டு வருஷம் சைக்கிளில் சுற்றியவர்.

"சரி, உங்க பீட்ல ஒரு தெரு சொல்லுங்க. பிள்ளையார் கோயில் முனையிலேர்ந்து நடந்து போறீங்க. யார் யார் வீடு வருது?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று சொன்னார். டெய்லர் வீடு, வாத்தியார் வீடு, திண்ணை இடிந்த வீடு... அத்தனையும் வலது சாரி. இடது சாரியில் ஒரு வீடு இல்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இப்போ அந்தக் கோடியிலேர்ந்து கோயிலுக்குத் திரும்பி வாங்க" என்றார். இந்த முறை மாவு மில், நர்சம்மா வீடு, வேப்பமரத்து வீடு எல்லாம் வந்தன. டெய்லர் வீடும் வாத்தியார் வீடும் காணாமல் போயிருந்தன.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தெரு முழுசாக அவருக்குள் இருந்தது. நினைவு அழியவில்லை. எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அவருக்கு இடது என்பதே இல்லாமல் போயிருந்தது. 1978-ல் இத்தாலியில் பிஸியாக், லுஸாட்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே போன்ற இரண்டு நோயாளிகளை, மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தை மனசுக்குள் இப்படி இரண்டு முனையிலிருந்தும் பார்க்கச் சொன்னார்களாம். அதே கதைதான் நடந்திருக்கிறது.

தெரபிஸ்ட் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உடம்பின் இடப்பக்கத்தை மூளையின் வலது பாதியும், வலப்பக்கத்தை இடது பாதியும் நடத்துகின்றன. ஆனால் கவனம் என்கிற விஷயத்தில் பாகம் சமமில்லை. வலது பாதி இரண்டு பக்கத்தையும் கவனிக்கும். இடது பாதி பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும்தான் கவனிக்கும். அதனால் வலது பாதி அடிபட்டால் இடப்பக்கத்தைப் பார்க்க ஆளில்லை. இரண்டுக்கும் நடுவே கார்பஸ் கலோசம் என்ற பாலம், ஏறக்குறைய 20 கோடி நரம்பிழைகள். அதன் வழியாக இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தியும் வைத்திருக்கின்றன என்கிறார்கள். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் கை தளர்ந்துவிட்டால் மற்றது கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகுமே, அப்படி.

கை விஷயமும் அன்றைக்குத்தான் விளங்கியது. வலிப்புக்காக இந்தப் பாலத்தையே வெட்டிய நோயாளிகளை ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கஸானிகாவும் ஆராய்ந்தார்கள். ஸ்பெர்ரிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. கஸானிகா ஒருவருடைய வலது மூளைக்கு மட்டும் பனி மூடிய காட்சியையும், இடது மூளைக்கு மட்டும் கோழிக்காலையும் காட்டினார். பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னபோது அவருடைய இடது கை மண்வாரியை எடுத்தது. ஏன் என்று கேட்டால், பேசுகிற இடது மூளைக்குப் பனி தெரியாதே! "கோழிக்கூண்டைச் சுத்தம் பண்ண" என்று கூசாமல் பதில் சொன்னது. எங்கள் அப்பாவின் 'களைச்சுப் போன கை'யும் ஏறக்குறைய அதே ரகம். பொய் சொல்லவில்லை, வீம்பும் இல்லை. தகவல் வராத இடத்தில் வாய் தானாக ஒரு காரணத்தை இட்டு நிரப்பிக்கொண்டது. அதற்கு முன் அவரிடம் நான் எவ்வளவு கத்தியிருக்கிறேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

இதற்கிடையில் சித்தப்பா வாட்ஸ்அப்பில், இடது மூளை கணக்கு, வலது மூளை கலை என்று படம் அனுப்பி, வலது மூளையைத் தூண்டும் வகுப்பில் சேர்க்கலாமே என்றார். மொழி பெரும்பாலோருக்கு இடது பாதியில் என்பது உண்மைதான். ஆனால் மனிதர்களே 'இடது மூளைக்காரர்', 'வலது மூளைக்காரர்' என்று இரண்டு ஜாதியா என்று 1,011 பேரின் மூளைப் படங்களை 2013-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். அப்படி ஒன்றும் தென்படவில்லை.

வைத்தியம் மந்திரமில்லை, சலிப்பு. தண்ணீரும் அழைப்பு மணியும் வலப்பக்கம், ஆபத்துக்கு. பேச்சுக் கொடுப்பதெல்லாம் இடப்பக்கம் உட்கார்ந்து. பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்பு டேப். ஒவ்வொரு வரிக்கும் முதலில் சிவப்பைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். முதல் நாள் நாலு வரிக்கு முக்கால் மணி நேரம். இடது காதில் குளிர்ந்த நீர் விட்டால், கை தன்னுடையதில்லை, விழவில்லை என்கிற இந்த மறுப்பு கொஞ்ச நேரம் விலகும் என்று பிஸியாக் குழுவும், தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரனும் காட்டியிருக்கிறார்கள். நான் ஆசைப்பட்டுக் கேட்டேன். வீட்டில் அதெல்லாம் செய்யக்கூடாது, பலனும் நிற்காது என்று தெரபிஸ்ட் அதட்டிவிட்டார்.

உண்மையில் கைகொடுத்தது சார்ட்டிங், தபால்காரர்கள் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற வேலை. செருப்புப் பெட்டிகளை அடுக்கி அறை அறையாக ஒட்டினோம். பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்களைக் கொடுத்தோம். அப்பா தெருவாரியாகப் பிரித்துப் போட ஆரம்பித்தார். இடது கடைசி அறையில் ஒரு கவர் விழ இருபது நாள் ஆனது. அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள்.

இப்போது இடப்பக்கம் கூப்பிட்டால் திரும்புகிறார். அசதியாக இருந்தால் நிலைப்படியில் இடது தோள் இடிக்கும். ரோட்டைத் தனியாகக் கடக்க விடுவதில்லை. சைக்கிளைக் கொடுத்துவிட்டோம்.

பொங்கலன்று அம்மா நுனி இடப்பக்கம் வரும்படி முறையாக இலை போட்டாள். கூட்டு, பொரியல், வடை, பொங்கல் எல்லாம் வழித்துச் சாப்பிட்டுவிட்டார். இடது ஓரத்தில் உப்பு மட்டும் வைத்தபடி இருந்தது.

"உப்பைப் பார்த்தீங்களாப்பா?"

"பி.பி. இருக்கு, உப்பைக் குறைன்னு டாக்டர் சொன்னாரே" என்றார் அப்பா, இலையைப் பார்க்காமலே.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.