முதுகைக் காட்டிக் கேட்கும் கேள்வி

கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த எனக்கு, அமெரிக்க பேஸ்பாலில் நெடுநாள் விளங்காமல் இருந்தது ஆட்ட விதிகளல்ல, அம்பயரோடு வீரர்கள் முரண்படும் முறைதான். வந்த பந்து ஸ்ட்ரைக்கா (அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்ததா), பாலா (அதற்கு வெளியே போனதா) என்ற தீர்ப்பை எதிர்த்து வாதிடக் கூடாது என்று விதி கூறுகிறது; ஆனாலும் அந்த வாதம் ஆட்டம் முழுவதும் தணிந்த குரலில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர், தமக்குப் பின்னால் நிற்கும் அம்பயரை நோக்கித் திரும்பாமல், பந்து வீசும் பிட்சரைப் பார்த்தபடியே, பந்து தாழ்வாக வந்ததா என்று கேட்பார். அம்பயரும் முகக்கவசத்துக்குள்ளிருந்தே பதில் சொல்லிவிடுவார். அதே கேள்வியைத் திரும்பி நின்று கேட்டால் அரங்கமே அதைப் பார்த்துவிடும் என்பதுதான் சிக்கல். பந்து எங்கே கடந்தது என்று பேட்டர் மட்டையால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினாரோ, ஒரு சொல்கூடப் பேசாமலேயே வெளியேற்றப்படக்கூடும்.

இந்த நிலை வராமல் தடுக்கவே அணியின் பயிற்சியாளரான மேனேஜர் இடையில் பாய்கிறார். அட்லாண்டா அணியை நெடுங்காலம் நடத்திய பாபி காக்ஸ் 150 முறைக்கும் மேல் வெளியேற்றப்பட்டவர். கோபக்காரர் என்று அவரை எண்ணியிருந்தேன், தம் வீரர் ஆட்டத்தில் நீடிக்க வேண்டும் என்பதற்காகத் தாமே பலியானவர் என்று பின்னர்தான் புரிந்தது.

ஆனால் 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் நடந்தது இந்த வழக்கங்கள் எவற்றிலும் அடங்காது. டெட்ராய்ட் அணிக்காக ஆடிய, வெனிசுவேலாவைச் சேர்ந்த பிட்சர் அர்மாண்டோ கலராகா, கிளீவ்லாந்து அணியின் 26 பேரைத் தொடர்ந்து அவுட்டாக்கியிருந்தார். இன்னும் ஒருவர் வீழ்ந்தால், அதுவரை பெரிய லீக் வரலாற்றில் 20 முறை மட்டுமே நிகழ்ந்திருந்த பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவர்கூட பேஸை எட்டாத ஆட்டம். 27ஆவது பேட்டர் ஜேசன் டொனால்ட் அடித்த பந்தை மிகேல் கப்ரேரா எடுத்து எறிய, முதல் பேஸுக்கு ஓடிவந்த கலராகா அதைப் பிடித்தபோது டொனால்ட் இன்னும் பேஸை எட்டாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தார்; அவர் அவுட். அங்கிருந்த அம்பயர் ஜிம் ஜாய்ஸோ 'சேஃப்' (அவுட் இல்லை) என்று கைகளை விரித்தார். மேனேஜர் ஜிம் லேலண்ட் வாதிட வந்தார், அணியினர் கத்தினார்கள். கலராகா மட்டும் புன்னகைத்துவிட்டு, அடுத்த பேட்டருக்குப் பந்து வீசப் போனார். அந்தப் புன்னகையில் ஏளனம் இருக்கிறதா என்று காணொளியைப் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தென்படவில்லை.

ஆட்டம் முடிந்தபின் பதிவைப் பார்த்த ஜாய்ஸ், தாம் தவறிழைத்ததை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, கலராகாவைச் சந்தித்துக் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத்தில் ஹோம் பிளேட்டில் (பேட்டர் நின்று ஆடும் இடத்தில்) நின்ற ஜாய்ஸிடம் டெட்ராய்ட்டின் ஆட்டக்காரர் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகாவேதான். லீக் ஆணையர் பட் செலிக் தீர்ப்பை மாற்றவில்லை.

2014இல் காணொளி மறுபரிசீலனை விரிவாக்கப்பட்டபின், இத்தகைய பிழை சில நிமிடங்களில் திருத்தப்பட்டுவிடுகிறது. 2026 பருவத்துக்கு ஸ்ட்ரைக் தீர்ப்புக்கும் முறையீடு ஏற்கப்பட்டிருக்கிறது: பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தம் தலையைத் தட்டினால் போதும், கணினி அளந்து சொல்லிவிடும். திரும்பாமல் கேட்ட அந்தக் கேள்வியை இனி அரங்கமே அறியக் கேட்கலாம். தம் தீர்ப்பின்மீது முறையீடு வந்திருப்பதை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டியவரும் அந்த அம்பயரேதான்.